வயதான முட்டைக்கோழிக்குத் தீவனக் கடையில் எதை வாங்கலாம்? கிளிஞ்சல் கிரிட், கால்சியம் டானிக், மற்ற மருந்துகள்: ஒரு மதிப்பீடு

இரண்டு வயதைத் தாண்டிய பெட்டைக்கோழி தோல்முட்டை (ஓடு கட்டாமல் தோலோடு வரும் முட்டை) போடுகிறது என்று தீவனக் கடையில் சொன்னால், பெரும்பாலும் கைக்கு வருவது ஒரு கால்சியம் டானிக் பாட்டில். அடுத்த முறை போனால் வைட்டமின் பாட்டில். அதற்கடுத்து ஆன்டிபயாடிக். இந்த வரிசையில் காசு கரையும், கோழி தேறாது. அதே கடையின் மூலையில் மூட்டையாகக் கிடக்கும் கிளிஞ்சல் கிரிட்டைத்தான், அதாவது உடைத்த கிளிஞ்சல் துண்டுகளைத்தான், முதலில் வாங்க வேண்டும். ஒரு லிட்டர் டானிக்கின் விலைக்குப் பல கிலோ கிரிட் கிடைக்கும். கம்பெனிப் பெயர்களை இங்கே தவிர்த்திருக்கிறோம். லேபிளைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் சேர்மானம் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த வகைப் பொருள் எதற்கு உதவும் என்பதுதான் கேள்வி.

கணக்கைப் பார்த்துவிடுவோம். 55 கிராம் முட்டையில் ஓடு மட்டும் ஐந்தரை கிராம் அளவுக்கு வரும். அதில் சுமார் 2 கிராம் சுத்தமான கால்சியம், அதாவது 2,000 மில்லிகிராம். டானிக் லேபிளில் 100 மி.லி.க்கு 1,700 மி.கி. கால்சியம் என்று போட்டிருந்தால், ஒரு கோழிக்கு 5 மி.லி. கொடுத்தாலும் உள்ளே போவது 85 மி.கி. செறிவு இரட்டிப்பாக இருந்தால் 170. ஓர் ஓட்டுக்குத் தேவையானதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கிளிஞ்சலில் கால்சியம் சுமார் 38 சதவீதம். 5 கிராம் கிரிட் தின்றால் 1,900 மி.கி. உள்ளே போய்விடும். குடல் முழுவதையும் உறிஞ்சாது என்பது உண்மைதான். வயது ஏற ஏற அந்த உறிஞ்சும் திறனும் குறையும். அப்போதும் டானிக் இதன் பக்கத்தில் வர முடியாது.

அளவு மட்டும் காரணமில்லை. ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது. அதில் பெரும்பகுதி கோழி தீனி எடுக்காத இரவில் நடக்கிறது. தூளாகவோ திரவமாகவோ கொடுத்த கால்சியம் பொழுது சாய்வதற்குள் குடலைக் கடந்துவிடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் துண்டு அரைவைப்பையில் தங்கி, இரவு முழுக்க மெல்லக் கரைந்து இரத்தத்துக்கு வந்துகொண்டிருக்கும். இது கிடைக்காத கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும். முட்டை வந்துகொண்டேயிருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் காலில்லாததுபோலப் படுத்துவிடும். இல்லையென்றால் தாவிக் குதித்த இடத்தில் மார்பெலும்பு விரிசல் விடும்.

கிரிட்டிலும் தரம் உண்டு. நல்ல கிரிட் தட்டைத் துண்டுகளாக, விளிம்பு மழுங்கி, சாம்பல் கலந்த வெள்ளையாக இருக்கும். கையில் அள்ளி விட்டால் தூசி அதிகம் பறக்கக் கூடாது. மூட்டையின் அடியில் கால்வாசி மாவாக இருந்தால் அந்த மூட்டை வேண்டாம், நமக்குத் தேவை துண்டுதான். கடற்கரை மணல் கலந்து வருவதும் உண்டு. சோதிப்பது எளிது: ஒரு சிட்டிகை கிரிட்டைக் கண்ணாடி டம்ளரில் போட்டு அரை டம்ளர் வினிகர் ஊற்றி இரவு முழுக்க வையுங்கள். கிளிஞ்சல் நுரைத்துக் கரையும், மணல் அப்படியே அடியில் நிற்கும். கழுவாத கிளிஞ்சலில் உப்பு ஒட்டியிருக்கும். நாக்கில் வைத்துப் பார்த்துக் கரித்தால் இரண்டு தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்த பிறகு வையுங்கள். உப்பு கூடினால் கோழி தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், எச்சமும் நீராகப் போகும்.

கிரிட்டைத் தீவனத்தில் கலக்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறோம். தனிக் கிண்ணத்தில், மழை படாத இடத்தில், எப்போதும் இருக்கும்படி வையுங்கள். முட்டையிடும் கோழிக்குக் கால்சியம் தேடும் பசி தனியாக உண்டு, அது மாலையில்தான் கூடும். நாலு மணிக்குக் கிண்ணம் நிறைந்திருந்தால் தேவையானது தேவையான அளவு கொத்திக்கொள்ளும். முட்டையை நிறுத்திவிட்ட கோழியும் சேவலும் பெரும்பாலும் தொடாது. தீவனத்தில் கலந்தால் வேண்டாத கோழியும் அதை விழுங்க வேண்டியிருக்கும். முட்டை போடாத உடம்பில் மிஞ்சும் கால்சியத்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். மாதக்கணக்கில் அப்படி நடந்தால் சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்புப் பூச்சாகப் படியும்.

நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் 72 முதல் 80 வாரத்தில், சில இடங்களில் அதற்கும் பிறகு, கழிக்கும் வெள்ளை முட்டைக்கோழிகளை வீட்டுக்கு வாங்கி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இவற்றுக்கு அலகு வெட்டப்பட்டிருக்கும். ஆழமில்லாத தட்டில் கிரிட் வைத்தால் கொத்தி எடுக்க முடியாது. இரண்டு அங்குல ஆழமாவது உள்ள கிண்ணத்தில், சிறிய துண்டுகளாக வையுங்கள். ஆண்டுக்கு முந்நூறு முட்டையை ஒட்டிப் போட்டுவிட்டு வரும் உடம்பு இது, எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருக்கும். இறக்கையையோ காலையோ பிடித்துத் தூக்காமல், இரண்டு கையாலும் உடம்போடு அணைத்து எடுங்கள். அடிக்கடி அடைக்கு உட்கார்ந்து ஓய்வெடுக்கும் சிறுவிடை என்ற நாட்டுக்கோழிப் பெட்டைக்கு இந்தச் சிக்கல்கள் குறைவாக வருவதற்கு அந்த ஓய்வே முக்கியக் காரணம்.

வீட்டு முட்டையோட்டையும் பயன்படுத்தலாம். கழுவி, கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் போட்டு, காயவைத்து, கையால் நொறுக்கினால் போதும், மிக்சியில் போட்டு மாவாக்க வேண்டாம். ஆனால் ஓடு மெல்லியது, கிளிஞ்சலைவிடச் சீக்கிரம் கரையும். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், கிளிஞ்சலுக்கு மாற்றாகாது. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலந்து வைக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது அரிக்கும் காரப்பொருள், வாயையும் தீனிப்பையையும் புண்ணாக்கும்.

இனி டானிக்கின் நல்ல பக்கம். அது முதலுதவிப் பொருள், அந்த இடத்தில் அதற்கு இணை கிடையாது. காலையில் நன்றாக இருந்த, முட்டை போட்டுக்கொண்டிருக்கும் கோழி மதியம் எழ முடியாமல் படுத்திருக்கிறது, கழுத்து முறுக்கவில்லை, கழிச்சல் இல்லை, கண் தெளிவாக இருக்கிறது என்றால் இரத்தத்தில் கால்சியம் சரிந்திருக்கலாம். 1 முதல் 2 மி.லி. டானிக்கை அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சால் பீய்ச்சினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், அதனால் சாகும் கோழிகளும் உண்டு. காரணம் கால்சியம்தான் என்றால் சில மணி நேரத்தில் தெளிவு தெரியும். மறுநாளும் படுத்தே இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

முட்டை அடைத்துக்கொண்டு முக்கும் கோழிக்கும் இப்படித்தான். கூடவே 38 முதல் 40 டிகிரி சூடுள்ள நீரில், அதாவது முழங்கைக்கு இதமாகத் தெரியும் நீரில், வயிறு முங்கும்படி 20 நிமிடம் உட்கார வையுங்கள். துடைத்து, இருட்டான பெட்டியில் தனியே விடுங்கள். விரலால் அமுக்கி முட்டையை வெளியே தள்ளப் பார்க்காதீர்கள். உள்ளே உடைந்தால் ஓட்டுச் சில், முட்டை உருவாகி வரும் கருக்குழாயைக் கிழிக்கும். அன்று மாலைக்குள் வரவில்லை என்றால் மருத்துவரிடம் எடுத்துப்போக வேண்டியதுதான், ஒரு நாளுக்குமேல் காத்திருக்க இடமில்லை.

டானிக்கைத் தினமும் குடிதண்ணீரில் கலப்பது பயனற்றது, கோடையில் கெடுதலும்கூட. வெயில் காலத்தில் கோழி குடிக்கும் தண்ணீர் இரண்டு மடங்காகும், அளவு நம் கையில் நிற்காது. இனிப்புச் சேர்ந்த நீர் தொட்டியில் சில மணி நேரத்திலேயே வழுவழுப்பாகிக் கிருமிக்குத் தீனியாகும். இன்னொன்று: சித்திரை, வைகாசியில் எல்லாக் கோழிக்கும் ஒரே நேரத்தில் ஓடு மெலிந்தால் காரணம் வெப்பம். வாயைத் திறந்து இளைக்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. ஓடு கட்டத் தேவையான கார்பனேட் அதிலிருந்துதான் வர வேண்டும். இதற்கு எந்தப் பாட்டிலும் மருந்தில்லை. நிழல், மண்பானைத் தண்ணீர், விடியற்காலையிலும் வெயில் சாய்ந்த பிறகும் தீனி, இவைதான் வழி. ஒரே ஒரு கோழி மட்டும் தோல்முட்டை போட்டால் அதன் கருக்குழாயில் கோளாறு இருக்கலாம். அடுத்தடுத்துப் பல கோழிகள் சுருக்கம் விழுந்த, கோணல் முட்டை போட்டு, மூச்சில் கொரகொரப்பும் கேட்டால் தொற்றுநோய்ச் சந்தேகம் வர வேண்டும்.

வைட்டமின் பாட்டில்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் வெயிலில் திரியும் கோழிக்கு வைட்டமின் டி3 குறைவது அரிது. நாள் முழுக்க இருட்டுக் கூட்டில் அடைந்திருப்பவற்றுக்கும், நோயிலிருந்து தேறுபவற்றுக்கும் ஐந்து நாள் கொடுக்கலாம்.

லேயர் மேஷ், அதாவது முட்டைக்கோழிக்கான மாவுத் தீவனம், நல்ல பொருள். ஆனால் பாதி மட்டும் கொடுத்தால் பாதிப் பலன்கூட வராது. அதில் கால்சியம் மூன்றரை முதல் நாலரை சதவீதம்வரை இருக்கும். ஒரு நாளைக்கு 110 கிராம் அதை மட்டுமே தின்னும் கோழிக்கு அது போதும். வீடுகளில் நடப்பது வேறு: காலையில் பழைய சோறு, மதியம் நொய்யரிசி, மாலையில் கம்பு, நடுவில் ஒரு கை மேஷ். அரிசியிலும் கம்பிலும் கால்சியம் ஓட்டுக்குக் காணாது. 40 கிராம் மேஷில் கிடைப்பது ஒன்றரை கிராமுக்குச் சற்று அதிகம், அதிலும் பாதிதான் உடம்பில் சேரும். தானியம் போடுவதை விட முடியாதவர்கள் மாலையில் கோழிக்கு 15, 20 கிராம் என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

வயதான கூட்டத்தில் ஒன்று முட்டை போடும், ஒன்று இறகு உதிர்த்து நிற்கும், ஒன்று முழுக்க நிறுத்தியிருக்கும். அப்படிப்பட்ட கலப்புக் கூட்டத்துக்கு லேயர் மேஷைவிட, கால்சியம் குறைந்த குரோவர் தீவனமும் (வளரும் கோழிக்கானது) தனிக் கிண்ணக் கிரிட்டும் சேர்ந்த ஏற்பாடு சிறந்தது என்பது எங்கள் முடிவு. இறகு உதிரும் இரண்டு மூன்று மாதமும் கோழிக்கு வேண்டியது புரதம். கருவாட்டுத் தூள் கொடுப்பவர்கள் உப்பில்லாததாகப் பார்த்து வாங்குங்கள். மூட்டை வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், ஒரு மாதத்தில் தீரும் அளவே வாங்குங்கள். கட்டி கட்டியாக, புழுங்கிய வாசனையோடு இருக்கும் மேஷில் பூஞ்சை நச்சு இருக்கலாம். வயதான கோழியின் ஈரல் அதைத் தாங்காது.

வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்படுத்திய புறக்கடை இனங்களில் கனம் கூடியவை அரிசியும் மக்காச்சோளமும் தின்று கொழுக்கும். ஈரலில் கொழுப்பு ஏறி, கோடைச் சூட்டில் அது வெடித்து, கொண்டை வெளுத்து ஒரே நொடியில் சாகும். முந்தைய நாள்வரை கொழுகொழுவென்று முட்டை போட்ட கோழி அது. மாதம் ஒரு முறை தராசில் நிறுத்து எழுதிவைப்பது இதற்கு எந்த ஈரல் டானிக்கையும்விடப் பயன்படும். கனத்த கோழிக்கு உட்காரும் கழியையும் தாழ்த்த வேண்டும். ஒன்றரை அடி உயரம், இரண்டு அங்குல அகலம், முனை மழுங்கியது. உயரத்திலிருந்து குதித்துக் குதித்துத்தான் பாதத்தில் புண் விழுந்து, கறுத்த பொருக்கோடு வீங்குகிறது. ஆரம்பத்தில் போவிடோன் அயோடின் போட்டுக் கட்டி, தரையில் காய்ந்த வைக்கோல் பரப்பினால் ஆறும். உள்ளே சீழ் கட்டியாக உறைந்துவிட்டால் வீட்டில் கத்தி வைக்காதீர்கள்.

புழுமருந்தும் பேன்மருந்தும் வாங்கத் தகுந்தவை, ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். பைப்பரசின் விலை குறைவு, உருண்டைப் புழுவுக்கு மட்டும்தான் கேட்கும். எறும்பு, வண்டு தின்னும் புறக்கடைக் கோழியிடம் நாடாப்புழு சாதாரணம், அதற்குப் பைப்பரசின் பயன்படாது. மெலிந்து மார்பெலும்பு கத்தியாகத் துருத்தும் கோழியின் புது எச்சத்தைச் சின்ன டப்பாவில் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப்போனால் நுண்ணோக்கியில் பார்த்து எந்தப் புழு என்று சொல்ல முடியும். பென்பெண்டசோல் என்ற இன்னொரு புழுமருந்தை இறகு முளைக்கும் காலத்தில் கொடுத்தால் புது இறகு கோணலாக வரக்கூடும், அது முடியும்வரை பொறுங்கள்.

கால் செதில் தூக்கி, சுண்ணாம்பு படிந்ததுபோலத் தடித்திருந்தால் அது வயதல்ல, செதிலுக்கடியில் வாழும் சிற்றுண்ணி. வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து, மெல்லத் தேய்த்து, வாசலினோ வேப்பெண்ணெய் கலந்த தேங்காயெண்ணெயோ இரண்டு நாளுக்கு ஒருமுறை மூன்று வாரம் தடவுங்கள். செதிலைப் பிய்க்காதீர்கள், இரத்தம் வரும். மண்ணெண்ணெய் தோலைச் சுட்டுவிடும். கோழிமேல் மருந்தடித்தும் உண்ணி போகவில்லை என்றால் கூட்டைப் பாருங்கள். உண்ணியும் சிவப்புச் சிற்றுண்ணியும் பகலில் மரவிரிசலிலும் சுவர்ப் பொந்திலும் ஒளிந்திருந்து இரவில்தான் ஏறும். கொண்டை வெளுத்த கிழட்டுக் கோழியின் இரத்தசோகைக்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். புழுவுக்கும் உண்ணிக்கும் தரும் ஐவர்மெக்டின் கொடுத்தால் முட்டையை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்று கொடுப்பவரிடமே கேட்டு எழுதிவாங்குங்கள். அதுவரை வரும் முட்டையைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள், விற்கவும் வேண்டாம்.

கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் ஆன்டிபயாடிக்தான் இந்த வரிசையில் மிக மோசமான கொள்முதல். கோழித் துறையில் தாராளமாகப் புழங்கிய கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்கான விலங்குகளுக்குப் பயன்படுத்த இந்தியாவில் 2019இல் தடை வந்தது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மருந்து அது. என்ரோபிளாக்சசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கை அமெரிக்கா 2005லேயே கோழிகளுக்கு நிறுத்திவிட்டது. நம்மூரில் வயிறு உப்பிய கோழிக்கு முதலில் கைக்கு வருவது இன்றும் அதுதான். மருந்து முட்டையில் இறங்கி வீட்டார் வயிற்றுக்குப் போகிறது. வயிறு உப்பிய வயதான கோழியில் பெரும்பாலும் அது குணமாக்குவதுமில்லை.

காரணம் வயிற்றுக்குள் நடப்பதில் இருக்கிறது. கோழியை இரவில் மடியில் வைத்து, கால்களுக்கு நடுவே எச்சத்துவாரத்துக்குக் கீழே உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கடினமாக, முட்டை வடிவில் தட்டுப்பட்டால் அடைப்பு. பிசைந்த மாவுபோல் கனத்த கட்டி என்றால் கருக்குழாய்க்குள் சீழும் ஓடும் அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கலாம், சில சமயம் அது ரப்பர் முட்டைபோல வெளியே வந்தும் விழும். நீர் நிறைந்து தளும்பினால், மஞ்சள்கரு கருக்குழாய்க்குள் போகாமல் வயிற்றறையில் விழுந்து அழுகியிருக்கலாம், அல்லது சினைப்பைப் புற்று. மனிதச் சினைப்பைப் புற்றை ஆராய்பவர்கள் கோழியைத் தேர்ந்தெடுப்பது, வயதான பெட்டைகளுக்கு அது தானாகவே அவ்வளவு சாதாரணமாக வருவதால்தான். நீரை மருத்துவர் ஊசியால் கொஞ்சம் இறக்கினால் மூச்சு இளகும், சில வாரம் நிம்மதியாக இருக்கும், பிறகு மறுபடி சேரும். இந்த நிலையில் கோழிக்கு நாம் வாங்கித் தரக்கூடியது நிம்மதி ஒன்றுதான். தீனியை நிறுத்தி, கண்மூடி, ஓரமாக நிற்கத் தொடங்கிவிட்டால் வலியில்லாமல் முடித்துவைக்கச் சொல்லி மருத்துவரைக் கேட்பதில் தவறே இல்லை.

சேவையில் எங்கள் முழு மதிப்பெண் அரசுக் கால்நடை மருந்தகங்களுக்கு. பிப்ரவரியில் நடக்கும் கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்) தடுப்பூசி முகாமை வயதான கோழிக்குத் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். எட்டு வாரத்துக்கு மேற்பட்ட எல்லாக் கோழிக்கும் அது இலவசம், இறக்கைத் தோலுக்கடியில் அரை மி.லி. வெள்ளைக்கழிச்சல் வந்தால் இளசு, கிழடு என்று பார்க்காது.

எல்லா மருந்தகத்திலும் கோழிக்கென நேரம் ஒதுக்க முடியாது என்பது குறைதான். சென்னை வேப்பேரி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகளை எட்டக்கூடியவர்கள் அங்கே போகலாம். கூட்டத்தில் ஒன்று செத்துப்போனால் புதைப்பதற்குமுன் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். உடலை ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, ஐஸ் வைத்த டப்பாவில் அன்றே கொண்டுபோங்கள், உறைய வைத்தால் உள்ளுறுப்பு பார்க்க லாயக்கில்லாமல் போகும். ஈரலைச் சுற்றி இரத்தக்கட்டி என்று எழுதிக் கொடுத்தால் மறுநாளே மக்காச்சோளத்தைக் குறையுங்கள். உறுப்புகள்மேல் வெள்ளைப் பூச்சு என்றால் முட்டை போடாதவற்றுக்கு லேயர் மேஷையும் டானிக்கையும் நிறுத்துங்கள். மார்பெலும்பு வளைந்திருந்தது என்றால் கிரிட் கிண்ணத்தை இன்னும் ஓர் இடத்தில் கூடுதலாக வையுங்கள், பயந்த கோழிகளை மற்றவை விரட்டியிருக்கக்கூடும்.